வேம்பின் நுனிக்கருகல்: எந்தப் பூஞ்சை என்று பிரித்தறிவது எப்படி?

வேப்பமரக் கருகல் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் வாசலில் முப்பது வயது வேப்பமரம் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் கொழுந்தெல்லாம் தீயில் வாட்டியதுபோலக் காய்ந்து தொங்குகிறது. பூஞ்சை நோய் என்று சொல்லி உரக்கடையில் ஒரு மருந்து கொடுத்தார்கள். அடிக்கலாமா?
*(வாசகி, கரூர் மாவட்டம்)*

அடிக்க வேண்டாம் அம்மா. முதலில் தொரட்டியால் ஒரு கிளையை இறக்கிக் கையில் வைத்துப் பாருங்கள்.

வேம்பு கருகியதுபோல் தோன்ற மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று இயல்பான இலையுதிர்வு. மாசியில் இலை மஞ்சளாகி உதிரும், கொம்பு பச்சையாகவே இருக்கும், பங்குனியில் தளிர் வந்துவிடும். உங்கள் மரத்தில் இலை உதிராமல் காய்ந்து தொங்குவதால் அது காரணமில்லை.

இரண்டாவது, முந்திரி விவசாயிகள் தேயிலைக் கொசு என்று சொல்லும் பூச்சி. பெயர்தான் கொசு, உண்மையில் அது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. கருந்தலை, சிவந்த மார்பு, முதுகில் குண்டூசி நட்டதுபோல் ஒரு முள். அதிகாலையிலும் பொழுது சாயும்போதும்தான் தீவிரமாக உறிஞ்சும். நண்பகலில் தேடிவிட்டுப் பூச்சியே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் இது பெருகும். அது குத்திய இளந்தண்டில் தனித்தனியாக நீளவாக்கில் புள்ளிகள் தெரியும். முதலில் நீர் கோத்ததுபோல் இருந்து, ஓரிரு நாளில் கறுத்துக் குழிவிழும். சில புள்ளிகளில் பிசின் துளிர்த்து நிற்கும். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரியும்.

மூன்றாவதுதான் பூஞ்சை. இதில் தனிப்புள்ளிகள் இருக்காது. நுனியில் தொடங்கிய பழுப்பு, இடைவெளி விடாமல் கீழ்நோக்கி இறங்கும். பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே ஒரு கோடு தெளிவாக இருக்கும். சில வாரங்கள் கழித்து, செத்த பட்டையில் ரவையைவிடச் சிறிய கறுப்பு முண்டுகள் தோலைக் கிழித்துக்கொண்டு எழும். விரலால் தடவினால் உப்புத்தாள்போல் உரசும்.

பூச்சி குத்திய காயமே பூஞ்சைக்கு வாசலாகிவிடுவதால் பல மரங்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். பத்துக் கொழுந்துகளை மரத்தின் நான்கு புறமிருந்தும் பறித்துப் பார்த்தால் எது முந்தியது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பூச்சி மட்டும் என்றால் ஓங்கி வளர்ந்த மரத்துக்கு மருந்து தேவையில்லை. கீழ்க் கணுக்களிலிருந்து மறுபடி துளிர்க்கும். வீட்டு வாசலில் நாற்பது அடி உயரத்துக்குப் பூச்சிமருந்தைப் பீய்ச்சினால் பாதி உங்கள் கிணற்றிலும் தொட்டியிலும்தான் விழும். பங்குனி, சித்திரையில் பூ எடுத்திருக்கும் மரத்தில் அடித்தால் தேனீக்களும் சாகும்.

கேள்வி: உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளியில் 400 மடங்கு நுண்ணோக்கி இருக்கிறது. வேப்பங்கொம்பில் கறுப்பு முண்டுகள் உள்ளன. வேம்பில் நுனிக்கருகலை உண்டாக்கும் ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சையா, வேறு பூஞ்சையா என்று நானே பார்க்க முடியுமா?
*(வாசகர், புதுக்கோட்டை)*

முடியும். பேரினம் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) வரைக்கும் உங்கள் நுண்ணோக்கி போதும். பெரும்பாலும் தவறு நடப்பது நுண்ணோக்கியில் இல்லை, கொம்பை வெட்டும் இடத்தில்தான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

முழுக்கக் காய்ந்த கொம்பை வெட்டாதீர்கள். நோயை உண்டாக்கிய பூஞ்சை முன்னேறிப் போன பிறகு, செத்த கட்டையில் பிற்பாடு குடியேறியவைதான் அங்கே இருக்கும். பச்சையும் பழுப்பும் சந்திக்கும் கோடு நடுவில் வரும்படி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். கவாத்துக் கத்தரியை ஒவ்வொரு மரத்துக்கும் முன் 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். கொம்பைக் காகித உறையில் போட்டுத் தேதி, இடம், மரத்தின் எந்தப் பக்கம் என்பதை எழுதுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். உள்ளே வியர்த்து, மறுநாளே ரொட்டிப் பூசணம் பிடித்துவிடும். உடனே பார்க்க முடியாவிட்டால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓரிரு நாள் வைக்கலாம்.

அடுத்து ஈர அறை. கொம்பைக் குழாய் நீரில் கழுவி, இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஒரு நிமிடம் போடுங்கள். கடை பிளீச் திரவம் 4 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர். கழிவறை கழுவும் அமிலத்தோடு இது எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது, நச்சுவாயு வரும். பிறகு கொதித்து ஆறிய நீரில் மூன்று முறை அலசி, மூடியுள்ள டப்பாவில் ஈரத்தாளின் மேல் பரப்புங்கள். தாள் நனைந்திருந்தால் போதும், நீர் தேங்கக் கூடாது. நிழலான அறை வெப்பத்தில் வைத்து, மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை தினமும் கைலென்ஸால் பாருங்கள்.

முண்டின் வாயிலிருந்து பால்வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ துளியோ சுருள் இழையோ பிதுங்கினால் ஃபோமாப்சிஸ் என்று சந்தேகிக்கலாம். செம்பழுப்பு, சால்மன் மீன் நிறத்தில் ஈரப்பசையான குவியல் என்றால் கொல்லெட்டோட்ரைக்கம். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பஞ்சுபோல் பரவினால் ஃபியூசேரியம். சாம்பலும் கறுப்புமாக அடர்ந்த பஞ்சு இரண்டு மூன்று நாளிலேயே டப்பாவை நிரப்பினால் லேசியோடிப்ளோடியா. பழைய வேளாண் நூல்களில் இதையே போட்ரியோடிப்ளோடியா என்று எழுதியிருப்பார்கள்.

நிறத்தோடு நின்றுவிடக் கூடாது, பூஞ்சையின் வித்துகளை, அதாவது அது பரவ உதவும் நுண்துகள்களை, பார்த்தாக வேண்டும். ஊசி நுனியால் ஒரு முண்டைப் பெயர்த்து, கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டு நீரில் வைத்து, மூடுவில்லையைப் பென்சிலின் பின்முனையால் மெதுவாகத் தட்டுங்கள். லாக்டோஃபீனால் காட்டன் புளூ என்ற நீலச் சாயம் இருந்தால் நீருக்குப் பதில் அதை விடுங்கள், நிறமற்ற வித்துகள் எடுப்பாகத் தெரியும்.

ஃபோமாப்சிஸில் இரண்டு வகை வித்துகள் வரும். ஆல்ஃபா வித்து இரு முனையும் குறுகி, நிறமில்லாமல், ஒரே அறையாக, உள்ளே இரண்டு எண்ணெய்த் துளிகளோடு இருக்கும். பீட்டா வித்து மெல்லிய நூல்போல நீண்டு, ஒரு முனை தூண்டில் முள்ளாக வளைந்திருக்கும். ஒரே முண்டில் இரண்டையும் பார்த்துவிட்டால் இந்தப் பேரினம்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். ஆல்ஃபா மட்டுமே வந்தாலும் ஃபோமாப்சிஸை விலக்கிவிடாதீர்கள். இன்னும் சில நாள் விட்டு வேறு முண்டுகளைத் திறந்து பாருங்கள்.

கொல்லெட்டோட்ரைக்கத்தின் வித்து மருந்து கேப்சூல் வடிவம், இரு முனையும் உருண்டை, நிறமில்லை. ஃபியூசேரியத்தின் பெரிய வித்து தோணிபோல் வளைந்து, குறுக்கே மூன்று முதல் ஐந்து தடுப்புகளோடு இருக்கும். லேசியோடிப்ளோடியாவின் முதிர்ந்த வித்து கரும்பழுப்பு, நடுவே ஒரே தடுப்பு, மேலே நீளவாக்கில் கோடுகள். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இளம் லேசியோடிப்ளோடியா வித்துக்கு நிறமும் இல்லை, தடுப்பும் இல்லை. அளவெடுக்காமல் பார்த்தால் ஃபோமாப்சிஸ் என்று குறித்துவிடுவோம்.

அளவுகோல் பள்ளியிலேயே இருக்கிறது. நிரந்தர இரத்தப் பூச்சு வில்லை ஒன்றை அதே 400 மடங்கில் வையுங்கள். சிவப்பணு ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 7 மைக்ரான். ஃபோமாப்சிஸின் ஆல்ஃபா வித்து நீளத்தில் ஒரு சிவப்பணு அளவுதான். கொல்லெட்டோட்ரைக்கம் இரண்டு சிவப்பணு நீளம். லேசியோடிப்ளோடியா மூன்று முதல் நான்கு நீளமும், ஒன்றரைக்கும் மேல் அகலமும் இருக்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். குறைந்தது முப்பது வித்துகளையாவது பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் பார்த்து எழுதிய முடிவை நாங்கள் ஏற்பதில்லை.

கேள்வி: கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் எந்தப் பூஞ்சை என்று சொல்வீர்களா?
*(வாசகர், திருவண்ணாமலை)*

சொல்ல முடியாது. படத்தில் தெரிவது மரம் படும் பாடு, பூஞ்சை இல்லை. ஆனால் பச்சை–பழுப்புக் கோட்டை நாணயத்தோடு சேர்த்து ஒரு படமும், கொம்பைக் குறுக்கே வெட்டி ஒரு படமும் எடுத்தால், பூச்சியா நோயா என்று சொல்ல உதவும். குறுக்கு வெட்டில் கேக் துண்டுபோல முக்கோணக் கறை இருந்தால் லேசியோடிப்ளோடியா குடும்பத்தை முதலில் சந்தேகிப்போம். அதுவும் சந்தேகம் மட்டும்தான்.

கேள்வி: ஒரே மரத்தின் மாதிரியை இரண்டு ஆய்வகங்களுக்குக் கொடுத்தேன். ஒன்று ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்கிறது. இன்னொன்று டயபோர்தே பேரினம் என்று மட்டும் எழுதி, இனத்தின் பெயரே தரவில்லை. யாரை நம்புவது?
*(தோட்ட உரிமையாளர், தேனி மாவட்டம்)*

இரண்டு அறிக்கையும் ஒன்றோடொன்று மோதவில்லை. ஃபோமாப்சிஸும் டயபோர்தேயும் ஒரே பூஞ்சையின் இரண்டு வாழ்க்கை நிலைகளுக்கு வைத்த பெயர்கள். பாலினச் சேர்க்கையில்லாமல் பெருகும் பாலிலா நிலைக்கு ஒரு பெயர், சேர்ந்து பெருகும் பால் நிலைக்கு ஒரு பெயர் என்ற பழைய வழக்கம், செடிகளுக்கும் பூஞ்சைகளுக்கும் பெயரிடும் சர்வதேச விதிகளான 2011 மெல்போர்ன் விதித்தொகுப்போடு முடிவுக்கு வந்தது. ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்றானபோது, மூத்த பெயரான டயபோர்தே நிலைத்தது. வேம்பைத் தாக்கும் இனம் 1997-ல் இந்தியாவிலிருந்து ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்ற பெயரில் விவரிக்கப்பட்டதால், வேம்பு பற்றிய கட்டுரைகளில் அந்தப் பெயரே புழங்குகிறது.

இரண்டாவது ஆய்வகம் இனத்தைச் சொல்லாமல் விட்டது அவர்களின் நேர்மை. டயபோர்தே இனங்கள் பலவற்றின் வித்துகள் அளவிலும் வடிவிலும் ஒன்றையொன்று ஒத்தவை. ஒரே மரத்தில் இரண்டு மூன்று இனங்கள் இருக்கலாம். மரத்துக்குள் தீங்கு செய்யாமல் குடியிருப்பவையும் அவற்றில் உண்டு. வேம்பிலிருந்து எடுத்தோம் என்பதற்காகவே அசாடிராக்டே என்று எழுதிவிட முடியாது.

மரபணு வரிசை பார்த்தார்கள் என்றால், எந்தப் பகுதியைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். பூஞ்சைகளுக்கு அடையாளப் பகுதியாக 2012-ல் முன்வைக்கப்பட்ட ஐடிஎஸ் என்ற மரபணுத் துண்டு பேரினம்வரை நன்றாகக் கொண்டுபோய் விடும். நெருங்கிய உறவினங்களுக்குள் அது தடுமாறும். டயபோர்தேயில் அதோடு டெஃப்-1, பீட்டா-டியூபுலின், கால்மோடுலின், ஹிஸ்டோன் எச்-3 போன்ற மரபணுக்களில் இரண்டு மூன்றாவது சேர வேண்டும். கொல்லெட்டோட்ரைக்கம் கிளியோஸ்போராய்டிஸ் என்று வரும் அறிக்கைக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். 2012-ல் நடந்த வகைப்பாட்டில் அந்த ஒரு பெயருக்குள்ளிருந்து 22 இனங்கள் பிரித்துக் காட்டப்பட்டன. லேசியோடிப்ளோடியா தியோபுரோமேயும் அப்படிப் பல இனங்களை உள்ளடக்கியிருந்த பெயர்தான்.

வரிசையை இணையத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டு, 99 சதவீதம் ஒத்துப்போகிறது என்று பெயர் எழுதுவது போதாது. அந்தத் தளத்திலேயே தவறான பெயரோடு ஏற்றப்பட்ட வரிசைகள் உண்டு. மூல மாதிரியின் (அந்த இனத்துக்குப் பெயர் வைத்தபோது அடையாளமாகப் பதிந்த மாதிரியின்) வரிசையோடு ஒப்பிட்டார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கொம்பில் இருந்தது என்பதும் கொம்பைக் கொன்றது என்பதும் ஒன்றல்ல. பிரித்தெடுத்த பூஞ்சையை நலமான வேப்பங்கன்றில் சிறு காயம் செய்து வைத்து, அதேபோல் காயம் செய்து பூஞ்சை வளர்க்கப் பயன்படும் கூழான அகரின் வெறும் துண்டு வைத்த கன்றுகளோடு ஒப்பிட்டு, நோய் வந்த கன்றிலிருந்து அதே பூஞ்சையை மறுபடி எடுத்தால்தான் குற்றம் உறுதியாகும். உங்கள் இரண்டு அறிக்கையிலும் இந்தச் சோதனை பற்றிய பேச்சே இல்லையென்றால், இரண்டையும் ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்தப் பூஞ்சையானால் என்ன? மருந்து ஒன்றுதானே? இவ்வளவு நுணுக்கம் எதற்கு?
*(வாசகர், சேலம்)*

பூஞ்சை மாறினால் செய்ய வேண்டியதும் மாறும். ஹவாய்த் தீவிலும் முதலில் ஒரே பெயரைத்தான் எழுதினார்கள். அந்தத் தீவுகளின் மண்ணுக்குரிய ஓஹியா மரங்கள் 2010 வாக்கில் திடீரெனச் சாவது கவனத்துக்கு வந்தது. 2014-ல் காரணம் செரட்டோசிஸ்டிஸ் ஃபிம்பிரியேட்டா என்ற பூஞ்சை என்று அறிவிக்கப்பட்டது. ஆழமாகப் பார்த்தபோது அது இரண்டு புதிய இனங்கள் என்று தெரிந்து, 2018-ல் செரட்டோசிஸ்டிஸ் லுக்குஓஹியா, செரட்டோசிஸ்டிஸ் ஹுலிஓஹியா என்று பெயரிட்டார்கள். முன்னது நீர்க்குழாய்கள் வழியே மரம் முழுக்க ஓடி, உச்சி மொத்தத்தையும் சில வாரங்களில் பழுப்பாக்கிவிடும். பின்னது பட்டையடியில் புண்ணாகத் தங்கி, கிளை கிளையாக மெதுவாகக் கொல்லும். எந்தத் தீவில் எது வந்திருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு அவசரமாக மரத்தை வெட்ட வேண்டும் என்று தீர்மானிக்க முடியாது. அங்கே ஆய்வகத்தில் காரட் வில்லைகளுக்கு நடுவே மரத்தூளை வைத்து இந்தப் பூஞ்சையை வளர்க்கிறார்கள். நீண்ட கழுத்துள்ள கறுப்புக் குடுவைகள் காரட்டின் மேல் எழுந்து, நுனியில் வித்துத் துளியைத் தாங்கி நிற்கும். ஆனால் இரண்டு இனமும் காரட்டில் ஒன்றுபோலவே தெரியும். பிரித்துச் சொல்வது மரபணுச் சோதனைதான்.

ஐரோப்பாவின் ஆஷ் மரக் கதையில் தவறு இன்னும் பெரியது. ஆஷ் மரங்களைக் கொல்லும் நோய்ப் பூஞ்சையின் பால் நிலையைத் தேடியபோது, உதிர்ந்த இலைக்காம்பில் வாழும் தீங்கற்ற உள்ளூர்ப் பூஞ்சையான ஹைமனோசைஃபஸ் ஆல்பிடஸ் என்று 2009-ல் எழுதினார்கள். உள்ளூர்ப் பூஞ்சையே கொலைகாரனாகிவிட்டது என்று பொருள். 2011-ல் மரபணு பார்த்தபோது அது வேறு இனம் என்று தெரிந்தது. இன்று அதற்கு ஹைமனோசைஃபஸ் ஃபிராக்சினியஸ் என்று பெயர், கிழக்காசியாவிலிருந்து வந்தது. இரண்டுக்கும் வித்து தாங்கும் வெள்ளைக் கிண்ணம் ஒன்றுபோலவே இருக்கும். வித்துப் பையின் அடியில் கொக்கிபோன்ற வளைவு இருந்தால் அயல் இனம், இல்லாவிட்டால் உள்ளூர் இனம். அந்தக் கொக்கியை அன்றே பார்த்திருந்தால், உள்ளூர்ப் பூஞ்சை மாறிவிட்டதா என்று யோசித்த ஆண்டுகளில் கன்று இறக்குமதியைப் பற்றி யோசித்திருப்பார்கள்.

நம் வேம்பிலும் வேறுபாடு செயலில் வந்து நிற்கிறது. ஃபோமாப்சிஸ் என்றால் அது விதை வழியாகவும் போகும், ஆகவே நாற்றங்கால்வரை கவனம் வேண்டும். லேசியோடிப்ளோடியா பெரும்பாலும் வறட்சியாலோ காயத்தாலோ தளர்ந்த மரத்தில் கைவைக்கும் பூஞ்சை. அங்கே வேரைச் சுற்றிக் கொட்டிய சிமென்ட் தளத்தை உடைத்து நீர் விடுவது, எந்தப் பூஞ்சைக்கொல்லியையும்விடப் பயன் தரும்.

கேள்வி: கருகல் கண்ட மரத்தின் விதையை நாற்றுக்கு எடுக்கலாமா?
*(நாற்றுப்பண்ணை நடத்துபவர், விழுப்புரம்)*

வேண்டாம். பூங்கொத்து கருகிய கிளையில் தப்பிப் பழுத்த பழத்தின் விதையிலும் ஃபோமாப்சிஸ் இருக்கலாம், வெளியில் அறிகுறி தெரியாது. கருகல் இல்லாத மரத்திலிருந்து, கீழே விழுந்ததைப் பொறுக்காமல், மஞ்சளாகப் பழுத்ததை மரத்திலேயே பறித்து, அன்றே சதையை நீக்கி நிழலில் உலர்த்துங்கள். வேப்பவிதையின் முளைப்புத்திறன் சில வாரங்களிலேயே சரியும். நல்ல விதை கிடைக்கும்வரை விதைப்பைத் தள்ளிப்போடலாம், பழைய விதையைச் சேமித்துவைத்து விதைக்க முடியாது.

கேள்வி: மரத்தடியில் தட்டுத் தட்டாகக் காளான் வளர்கிறது. இதுவும் நுனிக்கருகலின் பகுதியா?
*(வாசகி, தஞ்சாவூர்)*

இல்லை. அது கேனோடெர்மாவாக இருக்கலாம், வேரையும் அடிமரத்தையும் அழுகச் செய்வது. உங்கள் மாவட்டத்துத் தென்னை விவசாயிகள் தஞ்சாவூர் வாடல் என்று அறிந்த நோய்க்கும் இந்தப் பேரினம்தான் காரணம். மேற்புறம் வார்னிஷ் பூசியதுபோல் பளபளத்தால் லூசிடம் கூட்டம், மங்கிய பழுப்பாக இருந்தால் அப்ளனேட்டம் கூட்டம். வீட்டின் பக்கம் சாய்ந்த மரம் என்றால் தாமதிக்காமல் வனத்துறையினரையோ மரம் அறிந்தவரையோ அழைத்துக் காட்டுங்கள். இலை பச்சையாக இருக்கும்போதே வேர் போய்விட்டிருக்கும்.

கேள்வி: ஃபோமாப்சிஸ் என்று உறுதியாகிவிட்டது. மரம் சிறியது, கைக்கு எட்டும். எப்படிக் கவாத்து செய்வது?
*(வாசகர், அருப்புக்கோட்டை)*

மழையில்லாத, காற்று உலர்ந்த நாளைப் பாருங்கள். மழைத்துளி தெறித்துத்தான் வித்துகள் பரவுகின்றன. பழுப்புக் கோட்டிலிருந்து நல்ல பகுதிக்குள் அரை அடி உள்ளே தள்ளி வெட்டுங்கள். வெட்டுமுகத்தைப் பாருங்கள். பழுப்புக் கறை இன்னும் தெரிந்தால் அடுத்த அரை அடி. முகம் முழுக்க ஒரே வெளிர்நிறம் ஆகும்வரை இறங்க வேண்டும். வெட்டியதை அன்றே எரிக்கவோ ஆழப் புதைக்கவோ செய்யுங்கள். வேலியோரம் குவித்தால் அடுத்த மழைக்கு அதே முண்டுகள் மறுபடி வித்துவிடும்.

வெட்டுமுகத்துக்கு 10 சதவீத போர்டோ பசை. 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரையுங்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம் மட்டும், இரும்பும் தகரமும் கூடாது. சுண்ணாம்பை வடிகட்டி ஆறவிட்டு, துத்தக் கரைசலை அதில் மெல்ல ஊற்றிக் குச்சியால் கலக்குங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிச்சமிருக்கிறது, பட்டையைச் சுடும். படியாமல் போகும்வரை சுண்ணாம்புக் கரைசல் சேருங்கள். அன்று செய்ததை அன்றே பூசிவிட வேண்டும். மறுநாள் பசை திரிந்து அடியில் தங்கிவிடும், தூரிகையில் ஏறினாலும் மரத்தில் ஒட்டாது.